தலையில் வைக்கிறதுக்கு இல்லாத பூ

கொஞ்சம் நவுந்து உக்காரு தாயி. அந்தப் பையத் தூக்கி மேல கம்பியில வச்சா என்ன? ஆங், போதும். இந்தப் பொட்டலத்த நான் மடியில வச்சுக்கிடுதேன். கீழ வச்சா பஸ்ஸுல ஏறுறவனுவ மிதிச்சுருவானுவ.

பிள்ளைக்கு எத்தன மாசம்? அஞ்சா? அஞ்சுக்கு இது... நான் ஒண்ணும் சொல்லல. கண்ணு வைக்கிறவ நான் இல்ல. கேட்டேன், அவ்வளவுதான். மணிக்கட்டப் பாரு, ரப்பர் பேண்டு போட்டு இறுக்குன மாதிரி. தொடையில மடிப்புக்கு மேல மடிப்பு. தாய்ப்பால் மட்டுந்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லு. வேற எதுவும் குடுக்கல? வேற யாரும் குடுக்கல? சிரிக்காத தாயி. எங்க வீட்டுலயும் ஒண்ணு இப்படித்தான் ஊதிச்சு. ஊதுன கத தெரிஞ்சா நீ சிரிக்க மாட்ட.

ஆமா, மல்லிதான். வாசம் அடிக்கத்தான் செய்யும், பொட்டலம் நிறைய இருக்குல்லா. உனக்கு ஒரு முழம் கிள்ளித் தரலாம், ஆனா இது தலையில வைக்கதுக்கு வாங்குனது இல்ல. நான் மல்லியே வைக்கதில்ல. கனகாம்பரம் வைப்பேன், இல்லன்னா சும்மா இருப்பேன். இந்த வாசம் எனக்கு ஆகாது. மார்க்கெட்டுல வாங்குனதுலேர்ந்து முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் வாறேன். அப்புறம் எதுக்கு வாங்குனேன்னு கேக்க. சொல்லுதேன்.

எனக்கு ரெண்டு தம்பி. எங்க அம்மா போன பெறகு அவனுவளுக்கு எல்லாம் நாந்தான். பெரியவன் சிவபெருமாள், சின்னவன் கணேசமூர்த்தி. பொண்ணு பாத்தது நான், கட்டி வச்சது நான். ஒரே வீட்டுல கீழ சின்னவன், மாடியில பெரியவன். நான் ரெண்டு வீடு தள்ளி. சோறு பொங்குறதுக்குத்தான் என் வீடு, மத்தபடி அங்கதான் கெடப்பேன். எங்க வீட்டுக்காரவிய பேசவே மாட்டாவ, தட்டு வச்சா சாப்பிடுவாவ, அங்க இருந்து என்ன செய்ய?

பெரியவன் பொண்டாட்டி வளர்மதி. இந்தா இந்த ரோட்டுல போனா முனியசாமி கோயில் விலக்குன்னு ஒண்ணு வரும், அங்க இறங்கி உள்ள போகணும். அவ ஊரு. உப்பளத்துக்காரவ. அந்த மண்ணுல உப்புதான் பூக்கும், வேற ஒண்ணும் பூக்காது. ஒரு முழம் பூ வேணும்னாலும் டவுனுக்குத்தான் வரணும். சின்னவன் பொண்டாட்டி பொன்சுதா. தாய் இல்லாத பொண்ணு. ரெண்டு பேரும் ஒரே வருசம் உண்டாயிட்டாளுவ. வளர்மதிக்குக் கல்யாணம் முடிஞ்சு எவ்வளவோ வருசம் கழிச்சு இப்பத்தான். ஒரே பந்தல்ல ரெண்டு பேரையும் உக்கார வச்சு வளைகாப்பு போட்டேன். அந்த போட்டோவ இப்பப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

வளர்மதிக்குத்தான் மொதல்ல வலி எடுத்துச்சு. ஆம்பளப் பிள்ள. ஒரு நாள் முழுசா இருக்கல. சரி, ஆண்டவன் குடுத்தான், எடுத்துக்கிட்டான், என்ன செய்ய? ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே நான் மல்லிப்பூ வாங்கியாந்து அவ நெஞ்சுல வச்சுத் துணியால இறுக்கிக் கட்டி விட்டேன். உங்க பக்கம் கட்டுவாவளா? பிள்ள தங்கலன்னா பால் வத்துறதுக்கு எங்க பக்கம் அதுதான். வாடுனா எடுத்துட்டுப் புதுப்பூ வைக்கணும். சொல்லுதேன்னு முகத்தச் சுளிக்காத, அவளுக்கு வத்தவே இல்ல. கட்டுன துணி தொப்புத் தொப்புன்னு நனையும். பூவெல்லாம் பால்ல ஊறி, பழுப்பா, நூல்ல அட்டப்பூச்சி ஒட்டுன மாதிரி தொங்கும். இனிப்பும் புளிப்புமா ஒரு நாத்தம். நாந்தான் எடுத்துக் கொண்டு போய்ப் போடுவேன். கைய எத்தன சோப்பு போட்டுக் கழுவுனாலும் போகாது. அன்னைக்கு ராத்திரி சோத்துல கை வைக்க முடியாது.

இதுக்கு இடையில பொன்சுதாவுக்குப் பிள்ள பொறந்துட்டு. இதுவும் ஆம்பள. சுடர்வேல்னு பேரு வச்சோம். பொறந்தப்ப ஒண்ணும் இல்ல தாயி, எலிக்குஞ்சு கணக்கா இருந்தான். அப்புறம் பாத்தா ஊதுதான். நான் என்ன சும்மாச் சொல்லுதேனா? போட்ட சட்ட மறுவாரம் கைக்குள்ள போகாது. கழுத்தே கெடையாது. தலையத் தூக்கிப் பிடிச்சு அந்த மடிப்ப விரிச்சுப் பாத்தா உள்ள பால் வடிஞ்சு, தயிராத் திரிஞ்சு, செவந்து போய்க் கெடக்கும். நாந்தான் துணிய நனச்சு நனச்சுத் தொடைப்பேன். பால் கவுச்சின்னா எனக்கு அறவே ஆகாது. அவன் என்னப் பாத்துச் சிரிப்பான், பொக்க வாயில நுரையா ஒழுகும். தூக்கி வச்சிருந்தா தோள்பட்ட விட்டுப் போகும்.

ஊசி போடப் போன எடத்துல எட பாத்தாவ. நர்சம்மா இன்னொரு தடவ வச்சுப் பாத்துட்டுச் சிரிக்கா. நான் பிடிச்சுக்கிட்டேன், இது என்ன எட, உள்ள ஏதும் சீக்கு இருக்கா, நீராக் கீரான்னு. டாக்டரம்மாகிட்ட கூட்டிப் போனாவ. அது சின்னப் பொண்ணு, காதுல வளையம் மாட்டிக்கிட்டு. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ள மொத மாசங்கள்ல வேகமா எட போடுமாம், தவழ ஆரம்பிச்சா தானா வடியுமாம், பிள்ள நல்லா முழிச்சுப் பாக்கான், நல்லா ஒண்ணுக்குப் போறான், ஒண்ணும் கவலப்படாதீங்கன்னு சொல்லிச்சு. வேற என்ன குடுக்கியன்னு ஒரு வார்த்த கேக்கல. பொன்சுதாவப் பாத்து, நீ நல்லாச் சாப்பிடுமான்னுச்சு. இதுவா டாக்டர்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கயே நாலு கேட்டிருப்பேன்.

நல்லாச் சாப்பிடவா? சாப்பாடுதான் காரணம்னு எனக்குத் தெரியாதா? அவளுக்கு நாந்தானே பொங்கிப் போடுதேன். பால் சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கக்கீர, கருப்பட்டி போட்ட வெந்தயக்களி. அத்தனையும் பாலாப் போயி அந்தப் பயலுக்குள்ள கொழுப்பா நிக்கி. மறுநாளே நிறுத்துனேன். ரசமும் சோறும், தொட்டுக்க சுட்ட அப்பளம். பால் தண்ணியாகட்டும்னு. அவ ஒரு வார்த்த எதுத்துப் பேசல. சரி மைனின்னு தின்னா. கன்னம் ஒட்டிச்சு, கை குச்சியாச்சு, எந்திரிக்கையில செவுத்தப் பிடிச்சா. எட எறங்குனது அவளுக்குத்தான். பிள்ளைக்கு மயிரளவும் எறங்கல. இன்னும் ஏறிச்சு.

இப்பக் கேளு. மீன் கொண்டு வாற மரியசெல்வம் ஒரு நாள் வாசல்ல வச்சுச் சொல்லுதா, உங்க வீட்டுல பால் சுறா வாரத்துக்கு ரெண்டு தரம் எடுக்காவளே, குடுத்து வச்ச பிள்ளன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சுறாவ நான் நிறுத்தி எவ்வளவு நாளாச்சு. யாரு எடுக்கான்னா பெரியவன் பொண்டாட்டியாம். போய்ப் பாத்தா மாடியில சட்டியில புட்டு, ஒரு சட்டி நிறைய. பூண்ட முழுசு முழுசாப் போட்டு வச்சிருக்கா. உக்காந்து தின்னுக்கிட்டிருக்கா. பிள்ளையப் பறிகொடுத்தவ தாயி. பிள்ளையப் பறிகொடுத்தவளுக்குச் சோறு இறங்குமா, அதுல சுறாப்புட்டு எப்படி இறங்கும்? சீன்னு ஆயிப்போச்சு. ஒரு வார்த்த கேக்கக்கூட அருவருப்பா இருந்துச்சு. இறங்கி வந்துட்டேன்.

அப்பக்கூட எனக்குப் புரியல பாரு. நான் வெள்ள மனசுக்காரி. அசிங்கமா யோசிக்க எனக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம். வத்தல் காயப் போட்டுட்டு மாடியில இருந்து வாறேன். கீழ சின்னவ வீட்டுக் கதவு சாத்திக் கெடக்கு. தள்ளுனேன். பொன்சுதா பாயில வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குதா, செத்தவ மாதிரி. அவ பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து, எங்க வீட்டுப் பிள்ளைய மடியில போட்டு, வளர்மதி பால் குடுத்துக்கிட்டிருக்கா. மூடல, திரும்பல, ஒரு பதட்டம் இல்ல. அவன் ஒரு கையால அவ தாலிக்கொடியப் பிடிச்சுக்கிட்டு ம்க் ம்க்னு குடிக்கான். என்னப் பாத்துட்டு அவ என்ன சொன்னா தெரியுமா?

"சத்தம் போடாதிய மைனி. இப்பத்தான் அசந்தான்."

செத்துப்போன பிள்ளைக்கு ஊறுன பால் தாயி. மண்ணுக்குள்ள கெடக்கிற பிள்ளைக்கு ஊறுனது. அத உயிரோட இருக்கிற பிள்ள வாயில வைக்கலாமா? நெனச்சாலே உடம்பு கூசல? நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிச்சு. அவன் தூக்கிவாரிப் போட்டு முழிச்சு வீல்னு அழுதான். நான் பிடுங்கித் தூக்குனேன். என் தோள்ல அவன் வாயில இருந்த பால் வடிஞ்சுச்சு. அந்தச் சேலைய நான் அப்புறம் கட்டவே இல்ல.

வளர்மதி பட்டனப் போட்டுக்கிட்டு எந்திரிச்சு நின்னா. பேசுனது சின்னவ. வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன், அவ சொல்லுதா, "நாந்தான் பிள்ளையக் குடுத்தேன் மைனி. அக்கா நெஞ்சு கல்லாக் கெட்டி காய்ச்சல்ல அனத்துனாவ, நீங்க பூவ மாத்தி மாத்திக் கட்டுனிய. இவன வச்ச பெறகுதான் காய்ச்சல் விட்டுச்சு. நீங்க சுறாவ நிறுத்துன பெறகு எனக்கு எங்க இருக்கு பால்? அவிய இல்லன்னா இவன் காஞ்சு போயிருப்பான்."

அதாவது தப்பு எம்மேல. பாத்தியா? பொங்கிப் போட்டது நான், மடிப்பத் தொடச்சது நான், தப்பும் நான்.

சாயங்காலம் தம்பியள உக்கார வச்சுக் கேட்டேன். நியாயத்தச் சொல்லுங்கலேன்னு. சின்னவன் தரையப் பாத்துக்கிட்டு இருக்கான். பெரியவன் சொல்லுதான், எனக்குத் தெரியும்க்கான்னு. தெரியுமாம். சுறா வாங்கக் காசு குடுக்கதே அவந்தானாம். அவ பிள்ளைக்குக் குடுத்துட்டு வந்து படுத்தா அழாம தூங்குதாளாம், அதனால சொல்லலையாம். ஆம்பள சொல்லுத பேச்சா இது? அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல. நான் என்ன, வேத்தாளா? ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும், நான் வேணும்னா அவ கெளம்பட்டும்னு சொன்னேன். யாரும் நான் வேணும்னு வாயத் தெறந்து சொல்லல. ஆனா அவ தானாப் பையத் தூக்கிட்டு அவ ஊருக்குப் போயிட்டா.

போனா நல்லதுதானேன்னு இருந்தேன். அந்தப் பய விடணும்லா. கத்துதான், கத்துதான், அப்படிக் கத்துதான். பொன்சுதாகிட்ட ரெண்டு இழு இழுத்துட்டு ஒண்ணும் வரலன்னதும் முதுக வில்லா வளச்சுக் கத்துதான். பவுடர் பால் கரச்சுக் குடுத்தேன், துப்பிட்டான். வீடு முழுக்க அவன் கத்துறதுதான். என் வீட்டுல இருந்தாலும் கேக்கும். பஞ்ச வச்சுக் காத அடச்சுக்கிட்டுப் படுத்தேன், அப்பவும் கேக்கு. எட எறங்கிச்சு, அதையும் சொல்லணும். நான் சொன்னது நடந்துச்சுல்லா? மணிக்கட்டுல அந்த மடிப்பு தளந்துட்டு.

நேத்துக் காலையில போறேன், வீட்டுல கத்தல் இல்ல. சந்தோசமா உள்ள போனா, தொட்டில் இல்ல. பொன்சுதா இல்ல. சின்னவனே பைக்குல வச்சு ரெண்டு பேரையும் உப்பளத்து ஊருல கொண்டு விட்டுட்டு வந்துட்டானாம். பிள்ள பசியாறட்டும்க்கான்னு சொல்லுதான்.

அதான் பூ. இப்பப் புரியுதா? நானே போயி, வளர்மதிக்கு நானே கட்டி, வத்துற வரைக்கும் அங்கயே இருக்கப் போறேன். அந்த ஊர்ல கெடைக்காதுன்னுதான் இங்கேர்ந்தே சுமந்துக்கிட்டு...

ஐயையோ, கக்கிட்டான் பாரு. என் சேலையிலயும் தெறிச்சுட்டு. ச்சீ. நான் என்ன சொன்னேன், அளவுக்கு மேல குடிச்சா இப்படித்தான். துண்டு மேல பையிலயா இருக்கு? சரி, பிள்ளைய இப்படிக் குடு, நீ எந்திரிச்சு எடு. இந்தப் பொட்டலத்தப் பிடிச்சுக்க, இவன் கால வச்சா நசுங்கிரும். யம்மா, என்ன கனம். அரிசி மூட்டையால்லா பெத்து வச்சிருக்க.

ஏய், ஏய், என்னலே செய்யுத? பாரு தாயி உன் பிள்ளைய, என் நெஞ்சுல முட்டுதான். வாயத் தொறந்துக்கிட்டு தேடுதான். அங்க என்ன இருக்குன்னு முட்டுத நீ? ஜாக்கெட்ட நனச்சுட்டான். எச்சி. அசிங்கம் பிடிச்ச பய.

எனக்கா? எனக்கு இப்பப் பிள்ள இல்ல.

ஒண்ணு பொறந்துச்சு. பொட்டப்பிள்ள. பேரு வைக்கல, பேரு வைக்கதுக்குள்ள போயிட்டு. அப்ப எங்க மாமியா எனக்குக் கட்டுனா. இதே மல்லிதான். எங்க அவிய அண்ணன் பொண்டாட்டிக்கும் அப்பக் கைப்பிள்ள, பக்கத்து ரூம்புல. அவளுக்குப் பால் கம்மி. அது பசிச்சுக் கத்தும். அது கத்துனா எனக்கு இங்க ஊறிக்கிட்டு வரும், துணி, பூ எல்லாம் நனையும். நான் எந்திரிச்சுப் போயிரக் கூடாதுன்னு மாமியா வாசப்படிக்குக் குறுக்கப் பாயப் போட்டுப் படுத்துக்கிட்டா. முற தெரிஞ்ச மனுசி. அப்படி ஒரு ஆள் வளர்மதிக்கு இல்லாமப் போச்சு, அதான் இவ்வளவும். எனக்குச் சுத்தமா வத்திப்போச்சு தாயி. அப்படியே நின்னுட்டு. அதுக்குப் பெறகு ஒண்ணும் தங்கவும் இல்ல, ஊறவும் இல்ல. நான் என்ன செத்தா போயிட்டேன்? அந்தக் கத்தலக் கேட்டு நான் எந்திரிச்சுப் போனேனா? போகலல்லா. நானே போகல. அவ மட்டும் எப்படிப் போவா?

நீ ஏன் கண்ணத் தொடைக்க? தூசியா? சன்னல இழுத்து விடு.

முட்டுறத நிறுத்திட்டான். அட, கண்ணு சொருகுது. என் மேலயே தூங்கப் பாக்கான். இந்தா, பிடி. மெதுவா. தலைக்குக் கைய வையி, தலைக்கு. பெத்தவளுக்குப் பிடிக்கக்கூடத் தெரியல. மடியில நல்லாப் போட்டுக்க.

கண்டக்டர் தம்பி, முனியசாமி கோயில் விலக்கா? இருப்பா, ஆள் இறங்கணும்.

பொட்டலத்த எடு தாயி. எங்க வச்ச? அட, அதுக்கு மேலயேவா பிள்ளையப் போட்டுக்கிட்ட? நசுங்குதுல்லா. பிள்ளைய அந்தப் பக்கம் தூக்கு, நான் உருவிக்கிடுதேன். ஏன் என்னையே பாக்க? வேணும்னுதான் வச்சியா நீ? குடுன்னா, பஸ்ஸு நிக்குல்லா.

தூங்கிட்டானா அதுக்குள்ள? வாயப் பாரு, தூக்கத்துலயும் சப்புதான். ச்சீ.

இப்பத் தூக்குனா முழிச்சுருவான், என்ன?

கெடக்கட்டும். நசுங்குன பூவ வச்சு நான் என்ன செய்ய? நீயே தலையில வச்சுக்க. எழுப்பாத.

இறங்குதேம்பா, இறங்குதேன். விசில மெல்ல ஊது தம்பி. பிள்ள இப்பத்தான் அசந்துருக்கு.